கருவறைக்குள் எட்டும் போதை



மது, போதைவஸ்து என்று பேச்செடுத்தவுடன் நம்மில் பலர் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்து கொள்கின்றோம். "நமது வீட்டுப் பெண்கள் குடிப்பவர்களா? இந்த உபதேசம் வேறு யாருக்கோ உரியது" என்று உள்ளம் நமக்குச் சமாதானம் சொல்லி விடுகின்றது. நமது பெண்மக்களுள் மிகப் பெரும்பாலானோர் மதுவை ஏறிட்டும் பாராதவர்கள் என்பது உண்மையே. அதற்காக அல்லாஹ்வைப் புகழ்வோம். ஆயினும், கருவிலிருக்கும் சிசுவுக்குத் தீங்கிழைக்கும் பொருள்கள் போத்தலில் மட்டும் வருவதில்லை. அவை வெற்றிலைத் தட்டத்தில் வருகின்றன. கணவனின் சட்டைப் பையில் வருகின்றன. அயல்வீட்டார் அன்போடு கொடுத்த மாத்திரையில் வருகின்றன. வாலிபர்களிடையே கைமாறும் சிறு பொட்டலங்களிலும் வருகின்றன. எனவே இவ்வுபதேசம் யாருக்கோ அன்று, நமக்கே உரியது என்ற எண்ணத்துடன் இதனைச் செவிமடுப்போமாக.

கருவறை ஒரு கோட்டையா?

தாயின் வயிற்றில் உள்ள குழந்தை, மதில் சூழ்ந்த கோட்டைக்குள் இருப்பதைப் போன்று பாதுகாப்பாக உள்ளது என்றே மக்கள் நெடுங்காலம் நம்பியிருந்தனர். வைத்தியர்கள் பலரும் அவ்வாறே எண்ணினர். அந்த நம்பிக்கையை உடைத்தெறிந்தது ஒரு மாத்திரையாகும். 1957ஆம் ஆண்டு மேற்கு ஜேர்மனியில் தலிடோமைட் என்ற மருந்து விற்பனைக்கு வந்தது. நித்திரைக்கும், கர்ப்பகால வாந்திக்கும் உகந்த, ஆபத்தற்ற மருந்து என்று அது புகழப்பட்டது. அதனை உட்கொண்ட தாய்மாருக்கு வெளிப்படையான தீங்கு பெரிதாக எதுவும் தோன்றவில்லை. ஆனால் பல நாடுகளிலும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் கைகால்கள் குறுகியும், சிலர் அவை இன்றியும் பிறந்தனர். 1961ஆம் ஆண்டின் இறுதியில் ஜேர்மனியில் அம்மருந்து மீளப் பெறப்பட்டது. தாய்க்குத் தீங்கில்லாத ஒன்று சேய்க்குப் பெருந்தீங்காக அமையக்கூடும் என்ற பாடத்தை உலகம் அன்று மிக உயர்ந்த விலை கொடுத்துக் கற்றுக்கொண்டது.

இது எவ்வாறு நிகழ்கின்றது? தாயின் இரத்தமும் சேயின் இரத்தமும் நேரடியாகக் கலப்பதில்லை. சூல்வித்தகம் எனப்படும் நச்சுக்கொடியிலே மெல்லிய சவ்வொன்று இரண்டையும் பிரித்து நிற்கின்றது. ஒட்சிசனும் உணவுச் சத்தும் அதனூடாகவே சேயை அடைகின்றன. நுண்ணிய மூலக்கூறுகளைக் கொண்ட மதுசாரம், நிக்கொட்டின், ஹெரோயின் போன்றவையும் அதே வாயிலினூடாகவே நுழைந்து விடுகின்றன. தாய் மது அருந்தினால் சிறிது நேரத்துக்குள் சேயின் இரத்தத்திலும் ஏறத்தாழ அதே அளவு மதுசாரம் சேர்ந்து விடுகின்றது. தாயின் ஈரல் அதனைச் சிதைத்து அகற்றும் ஆற்றலுடையது. சேயின் ஈரலோ இன்னும் முதிர்ச்சியடையாதது. சேயைச் சூழ்ந்துள்ள பனிக்குட நீரிலும் மதுசாரம் தங்கி விடுகின்றது. அந்த நீரையே சேய் மீண்டும் விழுங்குகின்றது. ஆகவே தாய்க்கு மயக்கம் தெளிந்த பின்னரும் சேய் அந்த நஞ்சிலேயே கிடக்கின்றது.

உலகம் தாமதமாகக் கற்ற பாடம்

இந்தத் தீங்கு நேற்று இன்று தோன்றியதன்று. இங்கிலாந்திலே ஜின் என்னும் மலிவான மதுபானம் பெருகியிருந்த 1726ஆம் ஆண்டில், லண்டன் நகர வைத்தியர்களின் கல்லூரி பாராளுமன்றத்துக்கு ஒரு மனுவைச் சமர்ப்பித்தது. இம்மதுவினால் பலவீனமான, நோயுற்ற குழந்தைகள் பிறக்கின்றன என்று அதில் முறையிடப்பட்டிருந்தது. 1899ஆம் ஆண்டில் லிவர்பூல் சிறைச்சாலை வைத்தியரான வில்லியம் சல்லிவன், குடிப்பழக்கமுடைய 120 பெண் கைதிகளையும் அவர்களுக்குப் பிறந்த 600 குழந்தைகளையும் பற்றி ஆராய்ந்து எழுதினார். அக்குழந்தைகளுள் பாதிக்கும் அதிகமானோர் இறந்து பிறந்தனர், அல்லது இரண்டு வயதுக்குள் மரணித்தனர். அதே தாய்மார் மது கிடைக்காத சிறைக்குள் கர்ப்பகாலத்தைக் கழித்தபோது ஆரோக்கியமான குழந்தைகளைப் பெற்றதையும் அவர் அவதானித்தார். தடுத்தால் தடுக்கக் கூடிய தீங்கு இது என்பதற்கு அன்றே கிடைத்த சான்று அதுவாகும்.

ஆயினும் உலகம் உடனே விழித்துக்கொள்ளவில்லை. 1968ஆம் ஆண்டு பிரான்ஸின் நாந்த் நகரைச் சேர்ந்த குழந்தை வைத்தியர் போல் லெமோயின், குடிப்பழக்கமுடைய பெற்றோருக்குப் பிறந்த 127 குழந்தைகளில் ஒரே விதமான குறைபாடுகள் காணப்படுவதை விவரித்தார். அவரது கட்டுரை அதிகம் கவனிக்கப்படவில்லை. 1973இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் கென்னத் ஜோன்ஸ், டேவிட் ஸ்மித் என்ற இரு வைத்தியர்கள் இந்நிலைக்கு 'கருநிலை மதுசார நோய்க்குறி' என்று பொருள்படும் பெயரைச் சூட்டிய பின்னரே மருத்துவ உலகம் திரும்பிப் பார்த்தது. 1981இல் அமெரிக்காவின் தலைமை மருத்துவ அதிகாரி கர்ப்பிணிகள் மதுவை அறவே தவிர்க்க வேண்டுமென எச்சரித்தார். 1989 முதல் அந்நாட்டு மதுப் போத்தல்களில் அவ்வெச்சரிக்கை அச்சிடப்பட்டு வருகின்றது.

மதுவிலே மனிதர்க்குச் சில பயன்கள் இருப்பினும் அதன் பாவமும் கேடும் அவற்றை விடப் பெரியவை என்பதை ஸூரா அல்-பகராவும், அது ஷைத்தானின் அருவருக்கத்தக்க செயல், அதனை விட்டு விலக வேண்டும் என்பதை ஸூரா அல்-மாஇதாவும் பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன்னரே நமக்குக் கற்பித்து விட்டன. காரணத்தை ஆராய்ச்சிக்கூடத்தில் கண்டறியும் வரை காத்திராமல் கட்டளைக்குக் கீழ்ப்படிந்த தாய்மாரின் குழந்தைகள், அவர்கள் அறியாமலே இத்தீங்கிலிருந்து பாதுகாக்கப்பட்டார்கள்.

கண்ணுக்குத் தெரியாத காயம்

இந்நோய்க்குறி கடுமையாக அமைந்த குழந்தைகளின் முகத்தில் மூன்று அடையாளங்கள் உண்டு: கண் திறப்புக் குறுகியிருத்தல், மூக்குக்கும் மேலுதட்டுக்கும் இடையிலுள்ள பள்ளம் மட்டமாயிருத்தல், மேலுதடு மெலிந்திருத்தல். வளர்ச்சி குன்றுதலும் தலை சிறுத்தலும் சேர்ந்து வரலாம். முகத்தின் இவ்வடையாளங்கள் கர்ப்பத்தின் ஆரம்ப வாரங்களிலேயே, பல பெண்கள் தாம் கருவுற்றிருப்பதை அறியும் முன்னரே உருவாகி விடுகின்றன.

எனினும் பாதிக்கப்பட்ட பிள்ளைகளுள் பெரும்பாலானோருக்கு இந்த முக அடையாளங்கள் இருப்பதில்லை. காயம் மூளையில் மறைந்திருக்கின்றது. மூளையோ கர்ப்பகாலம் முழுவதும் வளர்ந்துகொண்டிருக்கும் உறுப்பு. அதனாலேயே இத்தனை மாதம் ஆபத்தில்லை, இவ்வளவு அளவு ஆபத்தில்லை, இந்த வகை மது ஆபத்தில்லை என்று கூறுவதற்கு மருத்துவத்தில் இடமில்லை. இப்பிள்ளைகள் பாடசாலையிலே நேற்றுக் கற்றதை இன்று மறந்து விடுவர். கணக்கு விளங்காது. ஓரிடத்தில் அமர முடியாது. செய்த தவறின் விளைவை உணர்ந்து அடுத்த முறை திருந்திக்கொள்வது கடினமாயிருக்கும். ஆசிரியர் "சோம்பேறி" என்பார். தந்தை "அடங்காதவன்" என்று அடிப்பார். பிள்ளையோ, தான் பிறக்கும் முன்னரே ஏற்பட்ட காயத்துக்காகத் தினமும் தண்டிக்கப்படுகின்றது.

அமெரிக்காவின் வொஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆன் ஸ்ட்ரைஸ்கத் என்பவரும் அவரது குழுவினரும் இவ்வாறு பாதிக்கப்பட்ட 415 பேரை ஆராய்ந்து 1996இல் அறிக்கையொன்றை வெளியிட்டனர். அவர்களுள் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டோர் ஏதேனும் ஒரு மனநலப் பிரச்சினைக்கு உள்ளாகியிருந்தனர். பலர் பாடசாலையை இடைநடுவே விட்டிருந்தனர். சட்டத்தின் பிடியிலும் சிக்கியிருந்தனர். ஆனால் அதே அறிக்கையில் நம்பிக்கை தரும் செய்தியும் இருந்தது. ஆறு வயதுக்கு முன்னரே குறைபாடு இனங்காணப்பட்டு, அமைதியும் அன்பும் நிலையான பராமரிப்பும் உள்ள வீட்டில் வளர்ந்த பிள்ளைகள் இத்துன்பங்களிலிருந்து பெருமளவு பாதுகாக்கப்பட்டிருந்தனர். மூளைக் காயத்தை முற்றாக மாற்ற இயலாவிடினும், அப்பிள்ளையின் வாழ்க்கையை மாற்ற இயலும்.

ஊற்றிக் கொடுப்பவரின் பொறுப்பு

இத்தகைய பாதிப்பு உலகிலேயே மிக அதிகமாகப் பதிவாகியுள்ள பகுதிகளுள் ஒன்று தென்னாபிரிக்காவின் மேற்கு கேப் மாகாணமாகும். அங்குள்ள திராட்சைத் தோட்டங்களில் தொழிலாளருக்குக் கூலியின் ஒரு பகுதியை மலிவான வைனாகவே கொடுக்கும் 'டொப்' என்ற முறை பல தலைமுறைகளாக நிலவியது. சட்டம் அதனைத் தடை செய்த பின்னரும் அந்தப் பழக்கம் குடும்பங்களில் வேரூன்றி விட்டது. அங்கே பிறந்த பிள்ளைகளின் குறைபாட்டுக்கு அவர்களின் தாய்மாரை மட்டும் குற்றம் சாட்டுவது நீதியாகுமா? ஊற்றிக் கொடுத்த கை எங்கே போயிற்று?

மதுவைப் பருகுபவரை மாத்திரமன்றி, அதனைப் பிழிபவர், சுமப்பவர், விற்பவர், ஊற்றிக் கொடுப்பவர் எனப் பத்துப் பேரை நபி (ஸல்) அவர்கள் கண்டித்ததாகத் திர்மிதியில் இடம்பெறும் ஹதீஸை நாம் அறிவோம். ஒரு பொட்டலத்தை விற்றுக் காசு எண்ணும் வாலிபனே! உன் கையிலிருந்து சென்ற அந்தத் தூள் எந்த வீட்டை, எந்தக் கருவறையைச் சென்றடைகின்றது என்பதை ஒருமுறை எண்ணிப் பார்.

நமது வாசலுக்குள் இருப்பவை

ஹெரோயின் பாவிக்கும் தாயின் சேயும் அதற்குப் பழகி விடுகின்றது. பிறந்து தொப்புள்கொடி அறுக்கப்பட்டவுடன் அப்போதை திடீரென நின்று விடுகின்றது. பெரும்பாலும் முதல் மூன்று நாட்களுக்குள் குழந்தை கீச்சென்ற குரலில் இடைவிடாது அழும், உடல் நடுங்கும், பாலை உறிஞ்ச மாட்டாது, தும்மலும் வயிற்றோட்டமும் காணும், சிலவேளை வலிப்பும் வரும். உலகத்தைக் கண்ட முதல் வாரத்திலேயே போதைக்கு அடிமையானவனின் வேதனையை அது அனுபவிக்கின்றது. 'ஐஸ்' எனப்படும் மெதம்பெட்டமைன் பாவித்த தாய்மாரின் குழந்தைகள் குறைமாதத்திலும் குறைந்த நிறையிலும் பிறக்கும் அபாயம் கூடுதலாகும். கஞ்சாவும் குழந்தையின் பிறப்பு நிறையைக் குறைக்கின்றது. அது மூலிகைதானே என்ற வாதம் இங்கே எடுபடாது.

அடுத்தது சிகரட். அதன் புகையிலுள்ள காபனோரொட்சைட்டு, இரத்தத்தில் ஒட்சிசன் இருக்க வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்கின்றது. நிக்கொட்டின் இரத்தக் குழாய்களைச் சுருக்குகின்றது. சேய்க்கு மூச்சும் உணவும் குறைகின்றன. புகைபிடிக்கும் தாயின் குழந்தை சராசரியாக ஏறத்தாழ 200 கிராம் நிறை குறைந்து பிறக்கின்றது. குறைமாதப் பிரசவம், இறந்து பிறத்தல், கைக்குழந்தை நித்திரையில் திடீரென மரணித்தல் ஆகிய ஆபத்துகளும் அதிகரிக்கின்றன. நமது பெண்கள் புகைப்பதில்லை என்கிறோம். ஆனால் கணவன் ஊதும் புகையைக் கர்ப்பவதியான மனைவி சுவாசிக்கின்றாள் அல்லவா? அப்புகையும் சிசுவின் நிறையைக் குறைக்க வல்லதே. மூடப்பட்ட பொது இடங்களில் புகைத்தலை நமது நாட்டில் 2006ஆம் ஆண்டின் புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகார சபைச் சட்டம் தடை செய்தது. வீட்டுக்குள் அச்சட்டம் வந்து நிற்பதில்லை. அங்கே கணவனைத் தடுக்க வேண்டியது அவனது இறையச்சமேயாகும்.

பின்னர் வெற்றிலை. "மசக்கைக்கு நல்லது, வாய்க் கசப்புக்கு நல்லது" என்று கூறி மூத்த பெண்களே மருமகளுக்கு மடித்துக் கொடுப்பதுண்டு. அதில் சேரும் புகையிலை, சிகரட்டிலுள்ள அதே நிக்கொட்டினைக் கொண்டதாகும். கொட்டைப்பாக்கும் தீங்கற்றதன்று. புகையிலை சேராத பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் என உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவகம் 2004இல் அறிவித்தது. பாக்கிலுள்ள அரெக்கோலின் என்ற பொருள் சேயையும் சென்றடைகின்றது. பாக்கு மெல்லும் தாய்மாரின் குழந்தைகள் நிறை குறைந்து பிறப்பதைத் தாய்வானிலும் பப்புவா நியூகினியாவிலும் நடந்த ஆய்வுகள் காட்டியுள்ளன.

இறுதியாக மருந்துகள். நித்திரை மாத்திரை, கடும் வலி நிவாரணிகள், கொடீன் கலந்த இருமல் பாணி மருந்து, முகப்பருவுக்கு உட்கொள்ளும் ஐசோட்ரெட்டினோயின் ஆகியவற்றை வைத்தியரின் ஆலோசனையின்றி ஒரு கர்ப்பவதி தொடவே கூடாது. அதேவேளை வலிப்பு, ஆஸ்துமா, நீரிழிவு போன்ற நோய்களுக்கு வைத்தியர் தந்த மருந்தைப் பயத்தினால் தானாகவே நிறுத்தி விடுவதும் பேராபத்தாகும். சேர்ப்பதும் நிறுத்துவதும் வைத்தியரின் சொற்படியே நடக்க வேண்டும்.

நேயர்களே! றமழான் நோன்பு பர்ளான கடமை. தன் சேய்க்குத் தீங்கு நேருமென அஞ்சும் கர்ப்பிணிக்கு அந்தப் பர்ளைக் கூடப் பிற்படுத்த மார்க்கம் சலுகை அளித்துள்ளது. பிறக்காத சிசுவுக்காகப் பர்ளான அமலையே தளர்த்திய மார்க்கத்தைப் பின்பற்றும் நாம், அதே சிசுவுக்காக ஒரு வாய் வெற்றிலையை, ஒரு சிகரட்டை விட முடியாதென்று எப்படிச் சொல்வோம்?

வெட்கம் என்னும் இரண்டாவது தீங்கு

இங்கே இரண்டு எச்சரிக்கைகளைக் கூறுவது அவசியமாகும். முதலாவது, தாய் ஹெரோயினுக்கோ மதுவுக்கோ ஆழமாக அடிமைப்பட்டிருந்தால், வீட்டில் பூட்டி வைத்துத் திடீரென நிறுத்த முயலக் கூடாது. ஹெரோயின் திடீரென நிறுத்தப்படும்போது கரு கலைதலும் குறைமாதப் பிரசவமும் நேரக்கூடும். மது திடீரென நிறுத்தப்படும்போது தாய்க்கு வலிப்பு வரலாம். வைத்தியரின் மேற்பார்வையில், உரிய மருந்துகளுடன் படிப்படியாக விடுவிப்பதே பாதுகாப்பான வழியாகும். நடுக்கத்துடன் பிறக்கும் குழந்தைக்கும் வைத்தியசாலையில் சிகிச்சை உண்டு. அமைதியான அறையும், அணைத்துப் பராமரிக்கும் கைகளும், தேவைப்படின் சிற்றளவு மருந்தும் அதனைத் தேற்றி விடுகின்றன.

இரண்டாவது, பிறந்த பிள்ளைக்கு முத்திரை குத்தக் கூடாது. 1980களில் அமெரிக்காவில் கொக்கேயின் பாவித்த தாய்மாரின் பிள்ளைகளைப் பற்றி, அவர்கள் ஒரு காலமும் தேறாத தலைமுறையினர் என்று பத்திரிகைகள் எழுதின. பிலடெல்பியா நகரில் ஹாலம் ஹர்ட் என்ற வைத்தியர் அத்தகைய பிள்ளைகளை இருபது ஆண்டுகளுக்கும் மேலாகத் தொடர்ந்து அவதானித்தார். கொக்கேயினை விட வறுமையே அப்பிள்ளைகளை அதிகமாகப் பாதித்திருந்ததை அவர் கண்டார். ஆகவே எந்தப் பிள்ளையையும் "கெட்டுப் பிறந்தது" என்று கைகழுவி விடும் உரிமை எவருக்கும் இல்லை.

நமது சமூகத்திலே ஒரு பெண் இவ்வலையில் விழுந்து விட்டால், அவளுக்கு முதலில் நேர்வது சிகிச்சை அன்று, மூடி மறைத்தல். ஊர் என்ன சொல்லும் என்ற அச்சத்தினால் அவள் கிளினிக்குக்கு அனுப்பப்படுவதில்லை. அனுப்பினாலும் மருத்துவ மாதுவிடம் உண்மையைச் சொல்ல விடுவதில்லை. உண்மை தெரியாத வைத்தியர் எதற்கென்று ஆயத்தமாவார்? ஒரு மானத்தைக் காக்கப் போய் இரண்டு உயிர்களைப் பணயம் வைக்கின்றோம். அறியாமல் ஆரம்ப வாரங்களில் எதையேனும் உட்கொண்டு விட்ட சகோதரி மனமுடையத் தேவையில்லை. இன்று நிறுத்தினாலும் இன்றிலிருந்து வளரும் மூளைக்கு அது நன்மையே. அவள் உடனே வைத்தியரிடம் சொல்லட்டும். 1984இல் நிறுவப்பட்ட தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபை போதையிலிருந்து மீள விரும்புவோருக்கு ஆலோசனை வழங்கி வருகின்றது. அதனை நாடுவதில் இழிவு ஏதுமில்லை.

ஒவ்வொருவரும் தம் பொறுப்பிலுள்ளவர்கள் பற்றி விசாரிக்கப்படும் மேய்ப்பர்களே என்று நபி (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள். அதன்படி கணவனே! மனைவி கருவுற்றாள் என்ற செய்தியோடு உன் சிகரட்டும் முடிவுக்கு வரட்டும். மாமியாரே! மருமகளின் கையில் வெற்றிலைக்குப் பதிலாகப் பழத்தைக் கொடுங்கள். பெற்றோர்களே! மகனின் கண் சிவந்திருப்பதையும் மகளின் முகம் வாடியிருப்பதையும் கண்டால், ஏசுவதற்கு முன் அருகில் அமர்ந்து கேளுங்கள். இளைஞர்களே! நீங்கள் இன்று பழகும் பழக்கமே நாளை உங்கள் வீட்டின் காற்றாகவும் உணவாகவும் ஆகப் போகின்றது. நிகாஹுக்கு மஹரும் வீடும் தேடும் நாம், அதற்கு முன்பே போதையற்ற உடலையும் தேடிக்கொள்வோம்.

கருவிலிருக்கும் சிசுவுக்கு வேண்டாம் என்று சொல்ல வாயில்லை. தடுக்கக் கையில்லை. எழுந்து செல்ல வேறிடமும் இல்லை. அதற்காகச் சொல்ல வேண்டியவர்களும் தடுக்க வேண்டியவர்களும் நாமே. நம்மையும் நமது சந்ததிகளையும் எல்லாப் போதையின் கேடுகளிலிருந்தும் அல்லாஹ் பாதுகாத்து, அவர்களை நம் கண்களுக்குக் குளிர்ச்சியாக ஆக்கி அருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாத்துஹு.